மின்சாரம் எதில் பாயும், எதில் பாயாது: மதுரை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வயரிங், போர் மோட்டார், இன்வெர்ட்டர், எர்த் குழி (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி) என்று ஏதாவது ஒரு வேலை நடக்கும்போது மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் மின்பணி செய்வோரிடம் கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. செம்பு கடத்தும், ரப்பர் கடத்தாது என்று பள்ளியில் படித்த பட்டியல் தவறானதன்று. ஆனால் அது மட்டும் போதாது. ஒரே மரக்கட்டை காய்ந்திருக்கும்போது ஒரு விதமாகவும் நனைந்திருக்கும்போது வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ஒரே கம்பி பத்து அடி நீளத்தில் செய்யும் வேலையை அறுநூறு அடி நீளத்தில் செய்யாது. பொருளின் பெயரோடு அதன் நிலையையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும் என்பதே இந்த விடைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள எண்ணம்.

ஒரு பொருளுக்குள் மின்சாரம் பாய்கிறது என்றால் உண்மையில் என்ன நகர்கிறது?

உலோகங்களில் நகர்வது எலக்ட்ரான். செம்பின் ஒவ்வோர் அணுவும் ஏறக்குறைய ஓர் எலக்ட்ரானைத் தன் பிடியிலிருந்து விட்டுவிடுகிறது. அதனால் ஒரு கன சென்டிமீட்டர் செம்புக்குள் சுமார் 85 கோடி கோடி கோடி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் எலக்ட்ரான்களுக்குக் குறைவில்லை என்றாலும், அவை அணுப் பிணைப்புகளில் இறுகக் கட்டுண்டிருப்பதால் நகர இடமில்லை. இதனால் ஏற்படும் வேறுபாடு மிகப் பெரியது: சாதாரணக் கண்ணாடியின் மின்தடை செம்பினுடையதைப் போல் குறைந்தது 1-க்குப் பின் 18 சுழியங்கள் இட்ட அளவு மடங்கு.

மின்சாரம் மின்னல் வேகத்தில் வருவதால் எலக்ட்ரான்களும் அந்த வேகத்தில் ஓடி வருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 ஆம்பியர் செல்லும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் வினாடிக்கு அரை மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. நீர் நிறைந்த குழாயின் ஒரு முனையில் அழுத்தம் கொடுத்தவுடன் மறுமுனையில் நீர் வெளிப்படுவது போல, கம்பி முழுவதும் ஏற்கனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் தள்ளப்படுவதால்தான் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. நம் வீட்டுக்கு வருவது வினாடிக்கு 50 சுற்று திசை மாறும் மின்சாரம் என்பதால், எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே மிகச் சிறிய தொலைவுக்குள் முன்னும் பின்னும் அசைவதோடு சரி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, வைகையில் கலந்து, கால்வாய் வழியே மேலூர் வயல்வரை வந்துசேர்கிறது. அதே நிலையத்தின் மின்னாக்கியில் அசைந்த எலக்ட்ரான் ஒன்றுகூட மேலூருக்கு வருவதில்லை. வருவது ஆற்றல் மட்டுமே.

உலோகங்கள் எல்லாமே கடத்துகின்றனவே, அவற்றுக்குள் என்ன வேறுபாடு?

1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள கம்பியை எடுத்துக்கொண்டு, அறை வெப்பநிலையில் அதன் மின்தடையை அளந்தால், வெள்ளி 0.016 ஓம், செம்பு 0.017, தங்கம் 0.024, அலுமினியம் 0.028, டங்ஸ்டன் 0.056, இரும்பு ஏறக்குறைய 0.1, நிக்ரோம் ஏறக்குறைய 1.1 என்று வரும். வெள்ளி முதலிடத்தில் இருந்தாலும், செம்பை விடச் சற்றே மேலானது என்பதற்காக அதன் விலையைக் கொடுத்து வீட்டுக்கு வயரிங் செய்ய முடியாது. ரிலே, சுவிட்சு போன்றவற்றின் தொடுமுனைகளில் மட்டும் அது பயன்படுகிறது.

அப்படியானால் தெருவில் மின்வாரியம் இழுக்கும் கம்பி ஏன் செம்பில் இல்லை?

எடைதான் காரணம். செம்பு தரும் அதே மின்தடையைப் பெற அலுமினியக் கம்பியின் குறுக்குப் பரப்பு 1.6 மடங்கு இருக்க வேண்டும். ஆனால் அலுமினியத்தின் அடர்த்தி செம்பினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், மொத்த எடை பாதியாகக் குறைந்துவிடும். விலையும் குறையும், கம்பங்கள் தாங்க வேண்டிய பாரமும் குறையும். அலுமினியம் மட்டும் இருந்தால் நீண்ட இடைவெளியில் தொய்ந்து அறுந்துவிடும் என்பதற்காக, பெரிய கோபுரங்களில் செல்லும் கம்பிகளின் நடுவில் எஃகு இழைகளை வைத்து, சுற்றிலும் அலுமினிய இழைகளை முறுக்கியிருப்பார்கள். பாரத்தைத் தாங்குவது எஃகு. மின்சாரத்தில் பெரும்பகுதியைக் கடத்துவது அலுமினியம்.

600 அடி ஆழத்தில் மோட்டார் இறக்கியிருக்கிறோம். மோட்டார் சூடாகிறது, தண்ணீரும் குறைவாக வருகிறது. வயர் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். மேலூர், கொட்டாம்பட்டி போன்ற பாறைப் பகுதிகளில் போர் ஆழமாகப் போவதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

600 அடி என்பது ஏறக்குறைய 183 மீட்டர். மின்சாரம் இறங்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் கம்பியின் நீளம் 366 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் என்றால், 0.017-ஐ 366-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுக்கும்போது மின்தடை ஏறக்குறைய 2.5 ஓம் என்று வரும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒன்று 10 ஆம்பியர் எடுத்தால், வழியிலேயே 25 வோல்ட் குறைந்துவிடும். மேலே 230 வோல்ட் இருந்தாலும் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 205 வோல்ட்தான். கோடைக்கால மாலையில் வீட்டுக்கு வருவதே 200 வோல்ட் என்றால் மோட்டாருக்கு 175 வோல்ட்தான் கிடைக்கும். மோட்டார் அதே பளுவை இழுக்கக் கூடுதல் ஆம்பியரை எடுக்கும். அதனால் வயரில் இழப்பு மேலும் கூடும். மோட்டாரின் சுருள் (காயில்) சூடேறிக் கடைசியில் கருகிவிடும். இதற்கிடையில் 250 வாட் அளவு மின்சாரம், எந்தப் பயனும் இல்லாமல் போர் குழிக்குள் கேபிளைச் சூடாக்குவதிலேயே செலவாகிக்கொண்டிருக்கும்.

அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் போட்டால் இழப்பு 16 வோல்ட் அளவுக்குக் குறையும். விலை குறைவு என்று 2.5 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிளை இறக்கினால் 41 வோல்ட் அளவுக்கு ஏறும். மோட்டாரை வெளியே எடுத்து ரீவைண்டிங் செய்து மறுபடி இறக்கும் செலவோடு ஒப்பிட்டால், தொடக்கத்திலேயே தடிமனான கேபிளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் சிறிது. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

செம்பு வயரையும் அலுமினிய வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினால் என்ன தவறு?

அலுமினியத்தின் மேற்பரப்பில், காற்று பட்ட உடனேயே, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உண்டாகிவிடுகிறது. அலுமினியம் நன்றாகக் கடத்தும். அலுமினிய ஆக்சைடோ கடத்தவே கடத்தாது. போதாக்குறைக்கு, இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். சூடேறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் முறுக்கும் தளரும். இப்படித் தளர்ந்த ஓர் இணைப்பில் வெறும் அரை ஓம் மின்தடை ஏற்பட்டாலும், 10 ஆம்பியர் செல்லும்போது அந்த மிளகளவு இடத்தில் 50 வாட் வெப்பம் பிறக்கும். டேப் உருகிக் கருகுவதும், சுவிட்ச் போர்டில் வாடை வருவதும் இதனால்தான். இவ்விரு உலோகங்களையும் இணைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்றே விற்கும் ஈருலோக லக்கை (ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமான இணைப்பு முனையை) பயன்படுத்த வேண்டும்.

தேய்ப்புப் பெட்டிக் காயில் சிவக்கச் சூடாகிறது, ஆனால் அதன் வயர் சூடாவதில்லையே?

இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான். மின்தடை மட்டுமே வேறு. 1000 வாட் தேய்ப்புப் பெட்டி ஏறக்குறைய 4.3 ஆம்பியர் எடுக்கும். அதன் நிக்ரோம் காயிலின் மின்தடை 53 ஓம் அளவில் இருக்கும். செம்பு வயருடையதோ ஓம்மில் ஒரு சிறு பின்னம். வெப்பம் மின்தடைக்கு நேர் விகிதத்தில் பிறப்பதால் ஏறத்தாழ முழு வெப்பமும் காயிலிலேயே பிறக்கிறது. நிக்கலும் குரோமியமும் கலந்த இக்கலவை, சிவக்கச் சூடான நிலையிலும் எளிதில் ஆக்சைடாகி அழிவதில்லை என்பது அதன் இன்னொரு சிறப்பு.

வெப்பம் ஏறினால் தூய உலோகங்களின் மின்தடையும் ஏறும். செம்பில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியில் ஓடும் வயர் 60 டிகிரிக்குச் சூடேறினால் அதன் மின்தடை 20 டிகிரியில் இருந்ததைவிட 15 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கும்.

தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா?

இரண்டு விடையும் சரிதான். எந்தத் தண்ணீர் என்பதைச் சொல்ல வேண்டும். நீர் மூலக்கூறுகளில் சுதந்திர எலக்ட்ரான்கள் இல்லை. நீரில் மின்சாரத்தைச் சுமப்பவை, அதில் கரைந்துள்ள உப்புகள் பிரிந்து உண்டாகும் அயனிகள்: சோடியம், கால்சியம், மக்னீசியம் போன்ற நேர் அயனிகள் ஒரு பக்கமும், குளோரைடு, பைகார்பனேட் போன்ற எதிர் அயனிகள் மறுபக்கமும் நகர்கின்றன. உப்பு முழுவதும் நீக்கப்பட்ட மிகத் தூய நீரின் கடத்துதிறன் ஒரு சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ். கடல்நீரில் அது ஏறக்குறைய 50,000. நம் பகுதியின் உவர்ப்பான போர் தண்ணீர் 1,500, 2,000 என்று காட்டுவது சாதாரணம்.

குடிநீரின் உப்பளவைக் காட்டும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் உப்பை நேராக எடைபோடுவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது இரு முனைகளுக்கு இடையே நீர் எவ்வளவு கடத்துகிறது என்று அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி உப்பளவாகக் காட்டுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றச் சொல்வதும் அயனிகளோடு தொடர்புள்ளதே. பேட்டரிக்குள் கடத்தும் வேலையைக் கந்தக அமிலத்தின் அயனிகள் செய்கின்றன. போர் தண்ணீரை ஊற்றினால் அதில் உள்ள இரும்பும் குளோரைடும் தகடுகளில் வேண்டாத வினைகளை உண்டாக்கி, பயன்படுத்தாமலேயே சார்ஜ் இறங்கவும் தகடு அரிக்கவும் வழிசெய்யும். அயனிகள் வழியே மின்சாரம் பாயும் இத்துறைக்கென்றே ஓர் ஆய்வகம் நமக்கு அருகில் காரைக்குடியில் இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. அறிவியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளியலறைச் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. சுவர் கடத்துமா?

காய்ந்த செங்கல் சுவரும் சிமெண்டுப் பூச்சும் மிகக் குறைவாகவே கடத்தும். நீர் ஊறும்போது, சிமெண்டிலும் செங்கலிலும் உள்ள உப்புகள் அந்நீரில் கரைந்து அயனிகளாகிவிடுவதால், சுவர் ஒரு மோசமான கம்பியாக மாறுகிறது. ஆயினும் சுவர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. குழாய்க்குள் எங்கோ வயரின் மேலுறை வெடித்திருக்கிறது, அல்லது ஆணி அடித்தபோது குத்துப்பட்டிருக்கிறது, அல்லது ஹீட்டரில் கசிவு இருக்கிறது என்பதுதான் அந்த ஷாக்கின் பொருள். மழை நின்று சுவர் காய்ந்ததும் ஷாக் நின்றுவிடும். பழுது அங்கேயே இருக்கும். மெயினை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழைப்பது தவிர வேறு வழி இல்லை.

மரக்கட்டை கடத்தாது என்கிறார்கள். அப்படியானால் மரக்கொம்பால் முருங்கைக்காய் பறிப்பது பாதுகாப்பானதுதானே?

காய்ந்த கட்டை 230 வோல்ட்டுக்கு ஓரளவு காப்பாக இருக்கும். பச்சை மரத்திலோ நீரும் உப்பும் கலந்த சாறு ஓடுகிறது. மழையில் நனைந்த கட்டையின் மேற்பரப்பில் நீர்ப்படலம் இருக்கிறது. இவற்றை மின்காப்பு என்று நம்பக் கூடாது. மேலே செல்வது 11,000 வோல்ட் கம்பி என்றால் காய்ந்த மூங்கிலைக்கூட நம்ப முடியாது. இப்போது பல இடங்களில் நீளமான அலுமினியக் குழாயில் தொரட்டி கட்டிக்கொள்கிறார்கள். எடை குறைவு என்பதால் கைக்கு வசதிதான். ஆனால் அது நேராகக் கையில் பிடித்த கம்பி. தேங்காயோ முருங்கையோ, மரத்தை ஒட்டி மின்கம்பி செல்கிறது என்றால் மின்வாரியத்திடம் சொல்லிக் கிளையை வெட்டிய பிறகே பறிக்க வேண்டும்.

எர்த் குழியில் உப்பும் கரியும் ஏன் போடுகிறார்கள்? எங்கள் ஊர் மண்ணுக்கு எது சரி?

மண்ணும் ஒரு கடத்தியே, ஆனால் தண்ணீரை நம்பியிருக்கும் கடத்தி. ஈரமான களிமண்ணின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டருக்குக் கீழே இருக்கும். காய்ந்த மணலும், விரிசலில்லாத கருங்கல்லும் ஆயிரக்கணக்கில் காட்டும். குழியில் போடும் உப்பு, மண்ணின் ஈரத்தில் அயனிகளைக் கூட்டுகிறது. கரித்தூள் ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு தானும் ஓரளவு கடத்துகிறது. ஆனால் உப்பு மழையில் கரைந்து போகும், இரும்புக் குழாயையும் அரிக்கும். ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடும் வேலையன்று எர்த் குழி.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு மிக நல்லது. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடுகிறது. இடைவெளியில் இருப்பது காற்று, அது கடத்தாது. அதனால் குழிக்கு வெயில் காலத்தில் தவறாமல் நீர் ஊற்ற வேண்டும். மேலூர்ப் பக்கம் நாலடியில் பாறை தட்டும் இடங்களில் ஒரே குழாயை ஆழமாக இறக்க முயல்வதை விட, பல குழாய்களைத் தள்ளித் தள்ளி இறக்கிக் கம்பியால் இணைப்பது பயன் தரும். பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த்தைக் கட்டியிருப்பார்கள். இடையில் யாரேனும் ஒரு துண்டை பி.வி.சி.-யாக மாற்றியிருந்தால், அன்றோடு அந்த எர்த் முடிந்தது.

போர் போடும் இடத்தை மீட்டர் வைத்துப் பார்க்கிறார்களே, அதுவும் இதுதானா?

ஆம். தரையில் நான்கு கம்பிகளை ஒரே வரிசையில் ஊன்றி, வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கும் நடுவே வோல்ட்டை அளக்கிறார்கள். கம்பிகளின் இடைவெளியை அகட்டிக்கொண்டே போகும்போது மின்சாரம் இன்னும் ஆழமாக இறங்கி வருவதால், கீழே உள்ள அடுக்குகளின் மின்தடை தெரியவரும். இறுகிய பாறை அதிகமாகவும், நீர் நிறைந்த விரிசல் பாறை குறைவாகவும் காட்டும். ஒன்றை மறக்கக் கூடாது: களிமண்ணும் உவர்நீரும் இன்னும் குறைவாகக் காட்டும். குறைந்த எண்ணைப் பார்த்தவுடன் நல்ல தண்ணீர் என்று முடிவுகட்டாமல், சுற்றியுள்ள கிணறுகளின் நீரையும் பாறை அமைப்பையும் சேர்த்துப் பார்க்கிறவர் சொல்வதையே ஏற்க வேண்டும்.

கரி உலோகம் இல்லையே, அது எப்படிக் கடத்துகிறது?

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அணுவின் ஓர் எலக்ட்ரான் தாளின் வழியே நகர முடிகிறது. அதே கார்பன் வைரமாக இருக்கும்போது நான்கு எலக்ட்ரான்களும் பிணைப்பில் அடைபட்டுவிடுவதால் கடத்துவதில்லை. மிக்ஸி மோட்டாரில் தேய்ந்து போகும் கார்பன் பிரஷ் கிராஃபைட்டால் ஆனதே: சுழலும் செம்பைக் கீறாமல் வழுக்கிக்கொண்டே மின்சாரத்தைக் கொடுக்க அதைவிட வசதியான பொருள் இல்லை.

சோலார் தகட்டில் உள்ள சிலிக்கன் கடத்தியா, காப்பா?

தூய சிலிக்கன் அறை வெப்பத்தில் மிகக் குறைவாகவே கடத்தும். பத்து லட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பரஸைக் கலந்தாலே அதன் கடத்துதிறன் லட்சக்கணக்கான மடங்கு உயர்கிறது. பாஸ்பரஸ் கலந்த பகுதியில் எலக்ட்ரான்கள் மிகுந்தும், போரான் கலந்த பகுதியில் எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள் மிகுந்தும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் வெயில் படும்போது விடுபடும் எலக்ட்ரான்கள் ஒரே திசையில் தள்ளப்படுவதே சோலார் மின்சாரம். 2016-இல் கமுதியில் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்தின் தகடுகளும் வீட்டு மாடித் தகடுகளும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. வெயில் கூடினால் மின்சாரம் கூடும். சூடு கூடினால் குறையும். தகடு 60 டிகிரிக்குச் சூடேறினால், 25 டிகிரியில் தருவதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவாகத் தரும். தகடுகளுக்குக் கீழே காற்றோட்டம் விடச் சொல்வதன் காரணம் இது.

நல்ல மழையில் போகாத கரண்ட், முதல் தூறலில் ஏன் போகிறது?

கம்பத்தில் உள்ள பீங்கான் தானாகக் கடத்தாது. மாதக்கணக்கில் அதன்மேல் படிந்த தூசியும் புகையும் லேசான தூறலில் நனையும்போது, பீங்கானின் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசிந்து லைன் டிரிப் ஆகிவிடும். பெருமழை அந்த அழுக்கைக் கழுவிவிடுகிறது. பீங்கானை அடுக்கடுக்கான குடைகளாகச் செய்திருப்பது, மேற்பரப்பின் நீளத்தைக் கூட்டவும், குடைகளின் அடிப்பகுதியை நனையாமல் காக்கவுமே.

கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை, மயில் மட்டும் ஏன் சாகிறது?

ஒரே கம்பியில் இரு கால்களும் இருந்தால் அவற்றுக்கு இடையே வோல்ட் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. மயில் பறந்து இறங்கும்போது அதன் அகன்ற இறக்கை இரண்டு கம்பிகளையோ, கம்பியையும் இரும்புக் கம்பத்தையோ ஒருசேரத் தொட்டுவிடுகிறது.

நம் உடல் எவ்வளவு கடத்தும்? டெஸ்டரைப் பிடிக்கும்போது ஷாக் அடிக்காதது ஏன்?

உடலின் உட்பகுதி உப்புநீர், நன்றாகக் கடத்தும். நம்மைக் காப்பது காய்ந்த தோல் ஒன்றுதான். அதன் மின்தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். வியர்வையிலோ குளித்த ஈரத்திலோ கை முதல் கால்வரை மொத்தமே 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அந்நிலையில் 230 வோல்ட்டைத் தொட்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிப் பிடித்த கையை விட முடியாமல் போகலாம்; 50-க்கு மேல் இதயத் துடிப்பு தடுமாறும் அபாயம் உண்டு. டெஸ்டருக்குள் பத்து லட்சம் ஓம் அளவுள்ள ஒரு மின்தடை இருப்பதால், அதைப் பிடித்திருப்பவரின் உடல் வழியே கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே செல்கிறது. டெஸ்டருக்குள் உள்ள சிறு விளக்கு எரிய அது போதும். நாம் உணர அது போதாது.

எம்.சி.பி. என்ற தானியங்கிச் சுவிட்ச் இந்த ஆபத்திலிருந்து ஆளைக் காப்பாற்றாது. அது பல ஆம்பியர் ஓடினால்தான் விழும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் துண்டிப்பான். ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே, நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அதன் மேலே அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100, 300 என்று அச்சிட்டவை தீ விபத்தைத் தடுக்கவே உதவும். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.